தொண்ணூற்றொன்பது ரூபாய் வீடு

தவசிமுத்து வீடு வாங்கியபோது கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் நான். என் பெயர் குருசாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்டர் கச்சேரிக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் கைப்பெட்டியும் மைக்கூடுமாக உட்கார்ந்து, இருபத்தாறு வருஷம் அடுத்தவர் சொத்தைப் பற்றி எழுதிப் பிழைத்திருக்கிறேன். அந்த இருபத்தாறு வருஷத்தில் மனிதர்களைப் பற்றி எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் உயர்வானதல்ல. அறுநூறு ரூபாய்க்கு வீடு வாங்குகிறவன் ஆறு ரூபாய் முத்திரைக் காகிதத்துக்கு அழுவான். அழுது மிச்சம் பிடித்ததைப் பெரிய சாமர்த்தியமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிவான். தவசிமுத்து அந்தக் கூட்டத்தில் முன்வரிசை.

அவன் ராஜபாளையத்துக்காரன். புளி வியாபாரம். தேவதானம் பக்கத்துத் தோப்புகளில் மரங்களைக் குத்தகைக்குப் பிடித்து, உலுக்கிய புளியை வண்டியில் கொண்டுவந்து சேர்ப்பான். அதோடு அவன் வேலை முடிந்தது. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை நீக்கி, உப்புப் போட்டு மிதித்துப் பானையில் அடைப்பதெல்லாம் அவன் மனைவி சண்முகத்தாய். கூலிக்கு நாலு பெண்களை வைத்துக்கொண்டு அவர்களைவிட இரண்டு மடங்கு அந்த அம்மாள் உடைப்பார். விற்ற காசை எண்ணி மடியில் கட்டுவது மட்டும் தவசிமுத்து.

1898ஆம் வருஷக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை பிடிக்கலாம் என்று இங்கே வந்தான். கீழ ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீரணன் என்பவர் வீடு விலைக்கு வந்தது. வீரணன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போக இருந்தார். நல்ல ஓட்டு வீடு. முன்னால் கூடமாக நீளமான பட்டாசாலை, இரண்டு அறை, கொல்லையில் வற்றாத கிணறு. இருவரும் ஒன்றாக என் மரத்தடிக்கு வந்தார்கள்.

"எம்புட்டுக்கு முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அறுநூறு ரூபாய்க்கு. ஆனா நீரு தொண்ணூத்தொம்பதுன்னு எழுதும்" என்றான் தவசிமுத்து.

எனக்கு இது புதிதல்ல. நூறு ரூபாய்க்கு உட்பட்ட கிரயத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. வீட்டை ஒப்படைத்துவிட்டால் போதும். முத்திரையும் ஒரு ரூபாயோடு போய்விடும். அறுநூறு என்று உள்ளபடி எழுதினால் முத்திரை ஆறு ரூபாய், பதிவுக் கட்டணம் வேறு. எல்லாம் சேர்த்து எட்டு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிற செலவு. அதை மிச்சம் பிடிப்பதற்காக இந்தத் தாலுகாவில் எத்தனையோ நல்ல வீடுகள் தொண்ணூற்றொன்பது ரூபாய் வீடுகளாகக் காகிதத்தில் சுருங்கிக் கிடக்கின்றன.

"நாளைக்கு இந்த வீட்டு மேல ஒரு கடன் வாங்கணும்னாலும் பத்திரத்துல இருக்கதுதான் விலை. அறுநூறு குடுத்தேன்னு பொறவு ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாது" என்றேன்.

"நான் எதுக்குக் கடன் வாங்கப் போறேன்? என் வீடு எம்புட்டு பெறும்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். சர்க்காருக்கு எதுக்குத் தெரியணும்?"

கடல் தாண்டிப் போகிற வீரணனுக்கு எந்த எண் எழுதினால் என்ன. பொய் விலை எழுதுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். வழக்கமான கூலிக்கு மேல் எட்டணா கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் என் விலையையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

ஊருக்கு அப்போது முனிசிபாலிட்டி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வீட்டு வரி என்பது வீட்டின் விலையைப் பார்த்துப் போடுவதல்ல. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று மதித்து, அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று போடுவது. அளந்து மதிப்பதற்குக் குமாஸ்தா ஒருவர் தெருத் தெருவாக வருவார். அவர் சந்துக்கு வரும் நாளை எப்படியோ தெரிந்துகொண்டு தவசிமுத்து இரண்டு ஆள் வைத்தான். முன்பக்கத்து ஓட்டை இறக்கிவிட்டு அந்த இடத்தில் பழைய பனையோலையைப் பரப்பினான். தேக்குக் கதவைக் கழற்றிக் கொல்லையில் சாத்தி, வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டான். பட்டாசாலை நடுவில் இரவல் வாங்கின இரண்டு கன்றுக்குட்டிகளைக் கட்டினான். சாணியை அள்ளக் கூடாது என்று சண்முகத்தாயிடம் உத்தரவு.

"ரெண்டு ஆளுக்கு ரெண்டு நாள் கூலி. திரும்ப ஓட்டை ஏத்துறதுக்கு ரெண்டு நாள். இந்தக் கூலியைக் கூட்டுனா வரியைத் தாண்டுமே, கணக்குப் பாத்தீகளா?" என்று அந்த அம்மாள் கேட்டாராம்.

"ஒனக்கு என்ன தெரியும், ஏட்டி. வரிங்கிறது வருஷா வருஷம் வரும்" என்றானாம்.

குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பத்திரத்தைக் கேட்டார். தவசிமுத்து ஆசையாக எடுத்து நீட்டினான். கிரயம் ரூபாய் தொண்ணூற்றொன்பது என்று அவருடைய பதிவேட்டில் ஏறியது. வரி வருஷத்துக்குப் பதினைந்து அணா என்று முடிவாயிற்று.

அடுத்த வீடு பக்கீர் முகமதுவுடையது. ஜவுளி வியாபாரி, அமைதியான மனிதர். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, அளவும் ஒன்று. அவர் உள்ள விலையை எழுதிப் பதிவு செய்தவர். குமாஸ்தா வந்தபோது வாசலைப் பெருக்கி, நாற்காலி போட்டு, அளந்துகொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவருக்கு மூன்றேகால் ரூபாய்.

இதைத் தவசிமுத்து சந்தையில் வைத்தே அவரிடம் சொல்லிச் சிரித்தான். "மாமா, ஒரே சுவரு. ஒங்க பக்கம் மூணேகால் ரூபா, எம் பக்கம் பதினஞ்சணா. வியாபாரம் பண்ணத் தெரியணும்."

"நல்லது மாப்ளே. எனக்குக் கன்னுக்குட்டியோட குடியிருக்கத் தெம்பு இல்ல. அதுக்குக் குடுத்த காசுன்னு வச்சுக்கிடுதேன்" என்றார் பக்கீர் முகமது.

தவசிமுத்து அப்படியே இருந்து செத்திருந்தால் என் மரத்தடியில் அவனைப் பற்றிப் பேச ஒன்றும் இருந்திருக்காது. இவனைப் போல நூறு பேர். 1901இல் முனிசிபாலிட்டி எலெக்‌ஷன் வந்ததுதான் வினை.

ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. நம்மூரில் வருஷத்துக்கு மூன்று ரூபாய்க்குக் குறையாமல் வரி கட்டுகிற ஆண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். அவர்கள் பெயரை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பட்டியலைத் தவசிமுத்து படிக்கவில்லை. தன்னைப் போன்ற பெரிய மனிதன் பெயர் இல்லாமல் ஒரு பட்டியல் இருக்கக் கூடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நெல் கமிஷன் வியாபாரி ஒருவர் எங்கள் வட்டாரத்துக்கு நின்றார். தட்டில் வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் சூழ, சந்துக்குள் வந்தார். தவசிமுத்து சலவை வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, வாசலில் நின்றான். உள்ளே ஒரு பானை நிறைய மோர் கரைத்து வைக்கச் சொல்லியிருந்தான். வந்தவர் பக்கீர் முகமது வீட்டில் நின்று கைகூப்பி, தட்டை நீட்டி, பிள்ளைகளின் சௌக்கியம் விசாரித்தார். பிறகு தவசிமுத்துவைத் தாண்டி நடந்தார்.

"அண்ணாச்சி, மோரு குடிச்சிட்டுப் போகலாம்" என்று இவன் கூப்பிட்டான்.

அவர் நின்று, கையில் பட்டியல் வைத்திருந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீடு சீட்டுல இல்லைங்க. இது பதினஞ்சணா" என்றான்.

சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் சந்தையில் புளி வாங்க வந்த பெண்கள் கூட "பதினஞ்சணாக் கடை எது?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அர்த்தம் தெரியாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நாலு நாள் கழித்து தவசிமுத்து என் மரத்தடிக்கு வந்தான். கண் உள்ளே போயிருந்தது.

"ஒரு மனு எழுதணும்."

"வரியைக் குறைக்கவா? பதினஞ்சணாவுக்குக் கீழ எங்க குறைக்க?"

"கூட்டணும்" என்றான்.

இரண்டாம் தடவை கேட்டுத்தான் எழுதினேன். மேன்மை தாங்கிய சேர்மன் அவர்கள் சமூகத்துக்கு, என் வீட்டுக்கு மிகவும் குறைந்த வரி விதிக்கப்பட்டிருப்பதால் மனம் நொந்திருக்கிறேன் என்று. அப்படி ஒரு மனுவை அதற்கு முன்னும் நான் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. விசாரணை நாளில் என்னையும் கூட வரச் சொன்னான்.

முனிசிபாலிட்டிக் கச்சேரி நிறைய ஆட்கள். எல்லோரும் வரியைக் குறைக்கச் சொல்லி வந்தவர்கள். ஒருவருக்கு வீடு ஒழுகுகிறது, ஒருவருக்கு வீட்டில் பேய். தவசிமுத்துவின் முறை வந்ததும் சேர்மன் மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"உம்ம வீடு எவ்வளவு பெறும்?"

"நல்ல விலை பெறும் எசமான்."

குமாஸ்தா பதிவேட்டைத் திறந்தார். "கிரயம் தொண்ணூற்றொன்பது. முன்பக்கம் ஓலை. உள்ளே கால்நடை. எல்லாம் இவர் காட்டினது."

"தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு வாங்கின தொழுவத்துக்கு மூணு ரூபாய் வரி எப்படி ஐயா போடறது?" என்றார் சேர்மன்.

அறுநூறு என்ற சொல் தவசிமுத்துவின் வாய்வரை வந்துவிட்டது. நான் பின்னாலிருந்து அவன் துண்டைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சொல் வெளியே வந்தால் முத்திரையை ஏய்த்ததற்கு அவனும், எழுதிக் கொடுத்ததற்கு நானும் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிற்கவேண்டும். அவன் வாயை மூடிக்கொண்டான். தான் கொடுத்த அறுநூறு ரூபாயைத் தானே விழுங்கிக்கொண்டு ஒரு மனிதன் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். பரிதாபமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பாடாக இருந்தது.

"வீட்டை விருத்தி பண்ணிவிட்டுச் சொல்லும், திரும்பப் பார்க்கச் சொல்கிறேன்" என்று சேர்மன் அனுப்பிவிட்டார்.

விருத்தி என்பதைத் தவசிமுத்து மாடி என்று புரிந்துகொண்டான். மாடி கட்ட இருநூற்றைம்பது வேண்டும். செட்டியார்பட்டியில் வட்டிக்குக் கொடுக்கிறவர் ஒருவரிடம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதிவில்லை. விலை தொண்ணூற்றொன்பது. "இதுக்கு நாப்பது தாரேன். அதுவும் தெரிஞ்சவருங்கிறதால" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து சண்முகத்தாயின் பாம்படத்தையும் சரட்டையும் கேட்டான். பங்குனிப் புளி வந்ததும் மீட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தான். மூன்றாம் நாள் அந்த அம்மாள் கழற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதிலிருந்து கனம் தாங்கித் தோள்வரை நீண்டிருந்த காது வெறுமையாகத் தொங்கியது. அந்தக் காதோடு அவர் புளி உடைப்பதை நானே பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடி எழும்பியது. ஒரே அறை. ஏறுகிறவன் முழங்கால் நெஞ்சில் இடிக்கும்படியான படி. ஜன்னலுக்குச் சிவப்புக் கண்ணாடி. குமாஸ்தாவைத் தவசிமுத்துவே போய்க் கூட்டி வந்தான். கதவு, ஓடு, கிணறு, மாடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டினான். பின்னறையில் அடுக்கியிருந்த புளி மூட்டைகளையும் காட்டினான், தன் அந்தஸ்து தெரியட்டும் என்று. குமாஸ்தா மூட்டைகளையும் எண்ணிக்கொண்டார்.

சீட்டு வந்தது. வீட்டு வரி ஏழு ரூபாய், துப்புரவுக் கட்டணம் ஒரு ரூபாய். மூட்டைகளைக் கண்டதால், அதுவரை கட்டாமல் ஒளிந்திருந்த தொழில் வரி இரண்டு ரூபாய். மொத்தம் பத்து. பதினைந்து அணாவிலிருந்து பத்து ரூபாய்க்கு ஏறின மனிதன் அந்தச் சீட்டைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டினான். அதற்குள் அந்த எலெக்‌ஷன் முடிந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. அடுத்தது மூன்று வருஷம் கழித்து.

பங்குனிப் புளி மோசம் செய்தது. பூவிலேயே மழை அடித்துக் காய் பிடிக்கவில்லை. நகை மீளவில்லை. மறு வருஷமும் மீளவில்லை. சண்முகத்தாய் ராஜபாளையத்துக்குச் சொல்லி அனுப்பினார். அவருடைய அண்ணன் பொன்னுராஜ் வந்தார். அதிகம் பேசாத, அகலமான மனிதர். மூன்று பேரும் ஒரு நாள் காலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

"வீட்டை எம் பேருக்கு எழுதணும் அண்ணாச்சி" என்றார் சண்முகத்தாய்.

தவசிமுத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னுராஜ் தவசிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன விலை போட?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தொம்பது போட்டா..." என்று ஆரம்பித்தான் தவசிமுத்து.

"எம்புட்டு பெறுமோ அம்புட்டும் எழுதுங்க" என்றார் அந்த அம்மாள். "அன்னைக்கு அறுநூறு. மாடிக்கு எங் காதுலயும் கழுத்துலயும் கிடந்தது இருநூத்தம்பது."

"எண்ணூத்தம்பது. இதுல நகைக்கு இருநூத்தம்பது ஆச்சு. மிச்ச அறுநூறு நீங்க குடுத்ததா எப்படிக் காட்ட?"

"பதினஞ்சு வருசம் புளி உடைச்சிருக்கேன். அடுத்தவளுக்குக் குடுத்த கூலியை எனக்குக் குடுத்திருந்தா எம்புட்டு ஆகும்னு அவியளைக் கேளுங்க."

பொன்னுராஜ் முதல்முறையாக வாயைத் திறந்தார். "சொல்லுங்க மாப்ளே."

மாப்பிள்ளை மறுபடி மரத்தைப் பார்த்தான். நான் எழுதினேன். முத்திரை ஒன்பது ரூபாய். அந்த அம்மாள் மடியிலிருந்து எடுத்து என் பெட்டியின்மேல் வைத்தார். பதிவுக் கட்டணத்தையும் வைத்தார். உள்ளே போய்ப் பதிவாகி வந்தது. என் ஆயுளில் விலையில் ஒரு காசு கூடப் பொய் இல்லாமல் எழுதின பத்திரங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவற்றில் இது ஒன்று. கூலி கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீடு கைமாறினால் வரிச் சீட்டும் கைமாறும். இது எனக்குத் தெரியும். தவசிமுத்து கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

1904இல் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். தவசிமுத்து இந்தத் தடவை ஒட்டுகிறவன் பசையைத் தடவும்போதே போய் நின்றுவிட்டான். மூன்று முறை படித்தான். பக்கீர் முகமது இருந்தார். நேற்று வந்த மிட்டாய்க் கடைக்காரர் இருந்தார். இவன் இல்லை. கச்சேரிக்குள் போய்க் குமாஸ்தாவிடம் சண்டைக்கு நின்றான்.

"பத்து ரூபா கட்டுற வீடுய்யா அது."

"எட்டு ரூபாய் கட்டுறது சண்முகத்தாய். அவங்க பொம்பளை, ஓட்டு இல்ல. உமக்குத் தொழில் வரி ரெண்டு ரூபாய். மூணுக்கு ஒண்ணு குறையுது. ஓட்டு இல்ல" என்றார் குமாஸ்தா. அவர் கேலி செய்யவில்லை. பதிவேட்டில் இருந்ததைப் படித்தார்.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தான். "தெரிஞ்சே எழுதிட்டீரு" என்றான். ஆமாம் என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனான். அது நியாயம்தான்.

சண்முகத்தாய்க்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சிவப்புக் கண்ணாடி அறையை ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு மாதம் இரண்டு ரூபாய் வாடகைக்கு விட்டார். அதில் நாலு மாத வாடகை வரிக்குச் சரியாகப் போயிற்று, மிச்சம் கையில் நின்றது. அந்த வருஷத்து வரிச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, வரி வரியாகப் படிக்கச் சொன்னார்.

"வீட்டு வரின்னு போட்டிருக்கே, இது எதுக்கு வாங்குதாக?"

"தெரு போடுறது, சாக்கடை வெட்டுறது, விளக்கு வைக்கிறது, அம்புட்டுக்கும்தான்."

"விளக்கா?" என்றார். "எங்க சந்துல விளக்கு இல்லையே."

அந்தச் சந்தில் பதினோரு வீடு. ஒருவர் கூட அதுவரை விளக்குக் கேட்டதில்லை என்று கச்சேரியில் விசாரித்தபோது தெரிந்தது. ஏன் கேட்பார்கள். மனு கொடுத்தால் யாராவது வந்து பார்ப்பார்கள். வந்து பார்த்தால் வீட்டையும் பார்ப்பார்கள். ஓலையும் சாக்கும் கன்றுக்குட்டியும் வைத்து ஒளிந்துகொண்டிருக்கிறவன், இருட்டில் இடறி விழுந்தாலும் சத்தம் போடமாட்டான்.

மனு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் கைநாட்டு வைத்தார். பிறகு மற்றப் பத்து வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார். பக்கீர் முகமது கையெழுத்துப் போட்டார். மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் அன்று முக்கியமான வேலை இருந்தது. இரண்டு பேர் மனுவே போதும் என்று இரண்டு மாதத்தில் கல்தூணும் மண்ணெண்ணெய் விளக்கும் வண்டியில் வந்து இறங்கின.

தூண் தன் வாசலுக்கு நேரே நிற்க வேண்டும் என்று தவசிமுத்து ஆட்களிடம் மல்லுக்கட்டினான். பத்து ரூபாய் வீடு என்றான். கத்திக்கொண்டிருக்கும்போதே சண்முகத்தாய் புளி ஒட்டின கையோடு வெளியே வந்தார். சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து பார்த்தார். நடுவில், யார் வாசலிலும் சேராத ஓர் இடத்தைக் காலால் காட்டி, "இங்க தோண்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க உள்ளே போனார்.